மணல் இல்லாத கடற்கரைக்கு ஏன் மறுபடி வந்தார்கள்?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு முன்னால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மணல் கிடையாது. கடல் இருந்தது, சாலை இருந்தது, இரண்டுக்கும் நடுவே கருங்கற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். காந்தி சிலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் அலை நேராகக் கல்லில் வந்து மோதும். கால் நனைக்க இடமில்லை. அப்படியும் சனி ஞாயிறு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களில் பலர் அடுத்த ஆண்டும் வந்தார்கள், அதற்கடுத்த ஆண்டும் வந்தார்கள்.

குருசுகுப்பத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஆறு அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். மாமனார் தொடங்கியது, இப்போது என் பொறுப்பு. புதிதாக வந்து இறங்குபவர்கள் பெட்டியை வைத்த கையோடு கேட்கும் முதல் கேள்வி, “பீச் எந்தப் பக்கம் மேடம்?” என்பதுதான். வழி சொல்லி அனுப்புவேன். அந்தக் காலத்தில் அரைமணியில் திரும்பி வந்து, “வெறும் கல்லாத்தான் இருக்கு” என்பார்கள். குரலில் ஏமாற்றம் தெரியும். அவர்களிலேயே சிலர் மூன்றாம் நாள் அறையைக் காலி செய்யும்போது, “பொங்கல் லீவுக்கு இதே ரூம் கிடைக்குமா?” என்று கேட்பார்கள். அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்பதை இத்தனை காலமாகக் கவனித்துக்கொண்டு வருகிறேன். கடற்கரை ஊர்களுக்கு மக்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்பதற்கு மணலைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது என்பதை எங்கள் ஊரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மணல் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து கரையைத் தொடும். எங்கள் மீனவர்கள் தெண்டி என்று சொல்லும் நீரோட்டமும் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழையின்போது வன்னி நீரோட்டம் அதில் ஒரு பங்கைத் தெற்கே திருப்பிக் கொண்டுவரும். ஆனால் தெண்டிக் காலம்தான் நீளம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. ஒரு கரையிலிருந்து கிளம்பும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்து சேரும்வரை கரை கரையாக இருக்கும்.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். படகுகள் உள்ளே வருவதற்காகக் கடலுக்குள் நீட்டிய கல் சுவர்கள், வடக்கே போகிற மணலை மறித்துக்கொண்டன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. வடக்கே இருந்த நகரத்துக்கு வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடந்தது. தேங்கும் மணலை அள்ளி வடக்குப் பக்கம் இறைக்க வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கடற்கரைச் சாலைக்கு முன்னாலிருந்த மணல் கரைந்தது. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பித்தது, கடல் அதற்கு வடக்கே இருந்ததைத் தின்றது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் கரையிலுள்ள மீனவர் ஊர்கள் வரிசையாக வீடுகளையும் வலை உலர்த்தும் இடத்தையும் இழந்தன. எங்கள் விடுதிக்கு மீன் கொண்டுவரும் அம்மா இதைப் பற்றிப் பேசினால் கடலைத் திட்டமாட்டார். கல்லைத்தான் திட்டுவார்.

ஆக, கடற்கரை ஊர் என்று பெயர், கரையோ போய்விட்டது. சுற்றுலாப் பாடப்படி எங்கள் தொழில் அன்றே படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. என் கணக்கில் அதற்கு முதல் காரணம், மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையின் இரு முனைகளிலும் போலீஸ்காரர் வைக்கும் இரும்புத் தடுப்பு.

மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம்தான். 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், 1938-ல் திறந்த பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி என்று எல்லாம் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன. இவற்றை ஒருமுறை பார்த்தால் போதும், மறுபடி பார்க்க யாரும் பெட்டி கட்டிக்கொண்டு வருவதில்லை. வருவது அந்தச் சாலையின் நடுவில் நடப்பதற்கு. ஹாரன் சத்தம் கிடையாது. குழந்தையின் கையை விட்டுவிடலாம். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்னலாம். டிக்கெட் வாங்கச் சொல்ல ஆளில்லை, எழுந்து போகச் சொல்லவும் ஆளில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வரும். கணவன், மனைவி, கணவனின் அம்மா. அந்தப் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் கால் வைத்தால் இரவெல்லாம் தூங்கமாட்டார். மற்றக் கடற்கரைகளில் அவரைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு இவர்கள் இறங்கிப் போவார்களாம். இங்கே அவர் பேரன் வயதுப் பையன்களோடு சரிசமமாக நடந்துவிட்டு வருகிறார். “எங்க அம்மா எங்களோட கடல் பாக்கற ஒரே ஊர் இதுதான்க்கா” என்று அந்த மகன் சொன்னார். ஊரைப் பற்றிய எந்த விளம்பரத்திலும் இந்த வரி வந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சாலையில் நடப்பவர்களில் உள்ளூர்க்காரர்களே ஏராளம். சர்க்கரை நோய்க்காக வேகமாக நடப்பவர்கள், பணி முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகள், முக்காடு போட்ட பாட்டிமார், கல்லூரிப் பிள்ளைகள். வெளியூர்க்காரர் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகிறார். இரண்டாம் நாள் மாலை அதே தேநீர்க் கடைக்காரர், “சர்க்கரை கம்மியா சார்?” என்று கேட்டுவிட்டால் அவருக்கு இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. காலையில் இந்த பேக்கரி, மாலையில் இந்தக் கல், இரவு இந்த மெஸ். மறுபடி வருகிறவர்கள் தேடி வருவது இந்த வழக்கத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். உள்ளூர்க்காரர்கள் மாலையில் வந்து உட்காராத கடற்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியூர்க்காரருக்கு அங்கே வழக்கம் எதுவும் ஒட்டாது. படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இதைப் படிப்பாளிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிட்டல்சன், கிராம்ப்டன் என்ற இருவர் 1984-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. பார்த்த இடத்துக்கே மறுபடி போகிறவர்களுக்கு ஐந்து காரணங்கள் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். புது ஊருக்குப் போய் ஏமாற வேண்டாம் என்ற பாதுகாப்பு எண்ணம், தம்மைப் போன்ற ஆட்கள் அங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கை, இடத்தின் மேல் பாசம், போன தடவை விட்டுப்போனதைப் பார்க்கும் ஆசை, தாம் அனுபவித்ததை வேறொருவருக்குக் காட்டும் விருப்பம். விருந்தினர் பேரேட்டைப் புரட்டினால் ஐந்துக்கும் எனக்கு ஆள் கிடைக்கிறது. முழங்கால் வலிக்காரப் பெரியம்மாவின் மகன் முதல் வகை. ஆரோவில்லின் மாத்ரிமந்திர் தியான மண்டபத்துக்குள் உட்கார முன்பதிவு வேண்டும் என்பது தெரியாமல் வந்து, அதன் தங்க உருண்டையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நான்காம் வகை. அவர்கள் அடுத்த முறை பதிவு செய்துகொண்டுதான் ரயில் ஏறுகிறார்கள்.

தம்மைப் போன்றவர்களைத் தேடி வருபவர்கள் என்றால் எனக்கு அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள், பிப்ரவரி 21 அன்னை பிறந்தநாள். இந்தத் தேதிகளில் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருவார்கள். அறைக்குள் அதிகம் இருக்கமாட்டார்கள். ஒரு ஆண்டு வரிசையில் பக்கத்தில் நின்றவரை அடுத்த ஆண்டு அதே வரிசையில் பார்த்து இருவரும் கையைப் பிடித்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். விடுதியில் குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் வந்த காரியம் விடுதியில் இல்லை.

பாசம் என்று வந்தால் ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வரும் எங்கள் ஊர்க்காரர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்போம். அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பாரிசின் புறநகர்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டி வீட்டை விற்றுவிட்டார்கள், தங்க இடமில்லை, விடுதிக்கு வருகிறார்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு என்பதால் அவர்களுக்கும் நான் வெளிநாட்டவருக்கான படிவத்தை ஏற்ற வேண்டும். “நம்ம ஊருக்கு வர எதுக்கு அத்தை ஃபாரினர் ஃபாரம்?” என்று ஒரு பெண் கேட்டாள். சட்டத்தை விளக்கினேன். அவள் கேட்டது சட்டத்தை இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஆராய்ச்சியாளர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு செய்தி ஸ்பெயின் நாட்டு பலேரிக் தீவுகளைப் பற்றியது. வெயிலும் மணலும் விற்கும் பழைய சுற்றுலாத் தலங்கள் அவை. அங்கே வந்தவர்களை ஆராய்ந்த அலெக்ரே, கிளாதெரா என்ற இருவரும், திரும்பி வரும் எண்ணத்தைத் தீர்மானிப்பதில் மனநிறைவோடு, ஏற்கெனவே எத்தனை முறை வந்திருக்கிறார் என்பதற்கும் பங்கு உண்டு என்று காட்டினார்கள். என் அனுபவமும் அதுவே. இரண்டாவது முறை வரவைப்பதுதான் கடினம். இரண்டாவது முறை வந்தவர் மூன்றாவது முறை தானே வருவார். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு எங்கள் பக்கத்தில் கரை கடந்து, ஊரே தண்ணீரில் கிடந்தபோது எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் உறவினர்களைவிட இப்படிப்பட்ட பழைய விருந்தினர்களின் அழைப்புகள் அதிகம். “பேக்கரிக்குள்ள தண்ணி போயிடுச்சா?” என்றுகூட ஒருவர் கேட்டார்.

அந்த இரண்டாவது வருகையைக் கெடுப்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சின்ன விஷயங்கள். சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரு ஊருக்குத் திரும்பி வருவதில்லை. ஆனால் அது இல்லை என்பதற்காகக் குடும்பமே வராமல் போகும். உப்புத் தண்ணீரில் குளித்த பெண்கள் ஈரத்துணியை மாற்ற ஓர் அறை வேண்டும். பேருந்து நிலையத்தில் இறங்கியவரிடம் ஆட்டோ கட்டணத்தை வாய்க்கு வந்தபடி சொன்னால், அவருடைய முதல் அரைமணி கசந்துவிடும். சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்போர், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி என்று 33 நிபந்தனைகளைப் பார்த்துக் கொடுக்கும் சான்று அது. கைக்குழந்தையோடு வருபவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

கடலைப் பற்றிய உண்மையையும் சொல்லி அனுப்ப வேண்டும். எங்கள் கடல் சாதுவான கடல் இல்லை. கரையை விட்டுச் சில அடிகளிலேயே ஆழமாகிவிடும், திரும்பும் அலை காலை இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துப் போயிருக்கிறது. இதைச் சொன்னால் விருந்தினர் பயந்து வராமல் போய்விடுவார் என்று சில விடுதிக்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. “இந்த இடத்துல இறங்காதீங்க, உயிர்காப்பாளர் நிக்கற இடத்துல இறங்குங்க” என்று முகத்தைப் பார்த்துச் சொன்னவரை அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் அடுத்த முறை என் எண்ணுக்கு அழைக்க வைக்கிறது.

சாராயத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. புதுச்சேரியில் மது விலை குறைவு என்பதற்காகவே சனிக்கிழமை வருபவர்கள் உண்டு. அவர்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எண்ணிக்கையில் சேர்கிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்குச் சாலையில் கூச்சலிடும் ஒரு கும்பல், அங்கே நடந்துகொண்டிருக்கும் பத்துக் குடும்பங்களை நிரந்தரமாக விரட்டிவிடும். தனியாக வரும் பெண்கள் இந்த ஊருக்குத் திரும்பி வருவதற்குச் சாலை விளக்கும், நடமாட்டமும், ரோந்து போலீசும் காரணம் என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி வராமல் நின்றாலும் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. வருகையை எண்ணுகிறார்கள், திரும்பி வராதவர்களை யாரும் எண்ணுவதில்லை.

கடைசி நாளுக்கு நான் தனிக் கவனம் கொடுப்பதற்கும் ஓர் ஆராய்ச்சி துணை நிற்கிறது. 1993-ல் உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை 60 விநாடி 14 டிகிரி குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி சேர்த்து, அந்தக் கடைசி நேரத்தில் நீரைச் சற்றே சூடாக்கினார்கள். எதை மறுபடி செய்யச் சம்மதம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே கேட்டார்கள். முடிவு இதமாக இருந்தது, அவ்வளவுதான். நாம் ஒரு பயணத்தை மொத்தமாக நினைவு வைத்துக்கொள்வதில்லை, உச்சத்தையும் முடிவையும்தான் வைத்துக்கொள்கிறோம். அதனால் காலி செய்யும் நாளில் நேரம் காட்டி அவசரப்படுத்துவதில்லை. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கடலைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். வந்தால் குளிக்க ஓர் அறை திறந்திருக்கும். கணக்கை முந்தின இரவே முடித்துவிடுவேன். கிளம்பும் நேரத்தில் யாரும் பணத்தை எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது.

2018-ல் மணல் திரும்பியது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் சுமார் 900 டன் எடையுள்ள, ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றை மூழ்கடித்து வைத்தார்கள். வருகிற அலையின் வேகத்தை அது உடைக்க, அதற்குப் பின்னால் மணல் தங்க ஆரம்பித்தது. சில மாதங்களில் காந்தி சிலைப் பக்கம் பிள்ளைகள் மணலில் வீடு கட்டினார்கள். தன் பிள்ளைப் பருவத்துக் கரையை மறுபடி பார்த்த என் கணவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பழைய விருந்தினர்கள் வந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், ஏதோ நான்தான் மணல் கொண்டுவந்து போட்டதுபோல.

திரும்பி வருபவர்களைப் போலக் கூர்மையாக ஊரைப் பார்ப்பவர்கள் கிடையாது. வம்பாகீரப்பாளையத்துப் பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் இடிந்தபோது, அடுத்த வாரம் வந்த சென்னைக்காரர் அறைக்குள் போகுமுன்பே அதைப் பற்றித்தான் கேட்டார். தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் நீளும் கருங்கல் தூண்டில் வளைவுகள் வந்ததும், அங்கே அலைச்சறுக்கு பழகும் பையன்கள் எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் மணல் ஏறியிருக்கிறது என்று என்னிடம் படம் காட்டினார்கள். புதிதாக வருபவருக்கு எல்லாமே முதல் தடவை, எது குறைந்தது என்று அவருக்குத் தெரியாது. பழையவர் கவனித்துவிடுவார். குறைந்துகொண்டே போனால் சண்டை போடமாட்டார், புகார் எழுதமாட்டார். வேறு ஊர் பார்த்துக்கொள்வார்.

மணல் வந்த பிறகு எனக்கு ஒரு கவலை. மணல் கண்ணில் தெரிகிறது, படத்தில் வருகிறது, ஆகவே எல்லோரும் அதையே பேசுகிறார்கள். மணல் இல்லாத முப்பது ஆண்டுகள் இந்த ஊரைக் காப்பாற்றிய அந்த மாலைத் தடுப்பை யாரும் பேசுவதில்லை. வார இறுதிகளில் தடுப்புக்கு வெளியே உள்ள சந்துகளில் கார்கள் அடைத்து நிற்கின்றன. குருசுகுப்பத்தில் வலை வண்டி திரும்ப வழியில்லை. எங்கள் தெருப் பெரியவர்கள் கடற்கரைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்கள் போகாத கடற்கரைச் சாலை எனக்குப் பயம் தருகிறது.

வீராம்பட்டினத்தில் தன் பாட்டி வீட்டை விடுதியாக மாற்றிக்கொண்டிருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் போன வாரம் யோசனை கேட்டு வந்தான். நீச்சல் குளம் கட்டலாமா என்று கேட்டான்.

“குளம் வேணாம் தம்பி. உன் மாமா கட்டுமரத்துல விடியக்காலை போவாரில்ல? திரும்பி வர்ற நேரத்தைக் கேட்டு விருந்தாளிகிட்ட சொல்லு. மீன் ஏலம் நடக்கும்போது ஓரமா நின்னு பாக்கட்டும். பெரியவங்க உட்கார நாலு நாற்காலி போடு.”

“ஆடித் தேருக்கு ரூம் எல்லாம் இப்பவே கேக்கறாங்க அக்கா.”

செங்கழுநீர் அம்மன் தேர் அந்த ஊரின் உயிர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்தார், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். கூட்டம் ஊர் தாங்காது.

“என்ன வாடகை சொல்லியிருக்கே?”

“மூணு மடங்கு.”

“வழக்கமான வாடகைதான்னு சொல்லு. தேருக்கு வந்தவங்கதான் மார்கழியிலயும் வருவாங்க. அப்ப உன் ரூம் காலியாத்தானே கிடக்கும்?”

அவன் கைப்பேசியை எடுத்து மார்கழி மாதப் பதிவுகளைப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஒன்றரை மடங்கு வாங்கலாமா என்று பேரம் பேச ஆரம்பித்தான்.